இரண்டாம் பந்தி

எங்கள் மையத்துக்கு உதவி செய்ய வந்தவர்களில் கெட்டவர்கள் யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத எழுத எனக்குக் கோபம் வந்துவிடும், கண்டபடி பேசிவிடுவேன், அப்போது இதைச் சொல்ல மறந்துபோகும்.

குமாரபாளையத்தில், காவிரிப் பாலத்திலிருந்து நடக்கிற தூரத்தில், பழைய விசைத்தறிக் கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து நடத்துகிற பகல்நேர மையம் அது. பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கானது. காலையில் தாய்மார் தூக்கிக்கொண்டு வந்து விட்டுவிட்டுத் தறிப்பட்டறைக்கு வேலைக்குப் போவார்கள். சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நான் அதற்குச் செயலாளர். அதற்கு முன்னால் திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ஒரு ரிக் கம்பெனி ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மையத்தை ஆரம்பித்த டாக்டரம்மா மகனோடு வெளிநாட்டில் போய் இருக்கப்போகிறேன் என்று கிளம்பியபோது, "உனக்குத்தான் வாய் இருக்குது, நாலு பேருகிட்டப் பேசி வாங்கிருவே" என்று சொல்லிச் சாவியை என் கையில் கொடுத்தார். வாய் இருந்தால் போதும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

இந்தப் பக்கத்தில் கொடுக்கிற மனசுக்குப் பஞ்சமே கிடையாது. கோழிப்பண்ணைக்காரர் கொடுப்பார், ரிக் வண்டிக்காரர் கொடுப்பார், நூல் வியாபாரி கொடுப்பார். என்ன கொடுப்பார்கள் என்பதில்தான் வில்லங்கம். சக்கர நாற்காலி கொடுப்பார்கள். முதுகுப் பக்கம் அவர்கள் பெயர் பெரிதாக எழுதியிருக்கும், உட்காருகிற இடம் வளர்ந்த ஆளுக்கு அளவெடுத்தது. எங்கள் பிள்ளை ஒன்றை அதில் உட்காரவைத்தால் பக்கத்தில் இன்னொன்றுக்கும் இடம் இருக்கும். தண்ணீர் சுத்தம் செய்கிற மிஷின் மூன்று இருக்கிறது. குழாய் ஒன்றுதான். ஒரு கம்பெனி வேன் வாங்கித் தந்தது. ஓட்டுகிறவருக்குச் சம்பளம் கேட்டேன். "அதெல்லாம் நிர்வாகச் செலவுங்க மேடம், எங்க ரூல்ல வராது" என்றார் வந்த ஆபீசர். வேனுக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அது சுவரோரம் நின்றபடியே நிற்கிறது. எங்கள் ஆயாம்மா அதன்மேல் துணி காயப்போடுகிறார்.

எல்லாவற்றுக்கும் மேலே, சோறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவானி கூடுதுறை. நாமக்கல், ராசிபுரம், சேலம் என்று எங்கெங்கிருந்தோ அமாவாசைக்கு அங்கே வந்து, செத்துப்போன தாய் தகப்பனுக்குத் திதி கொடுப்பார்கள். கொடுத்துவிட்டுப் பாலத்தைத் தாண்டி ஊருக்குத் திரும்பும்போது யாருக்காவது ஒரு வேளை சோறு போட வேண்டும். அதுவரைக்கும் திதி கொடுத்தவர் வாயில் ஒன்றும் போடமாட்டார். பாலத்தைத் தாண்டினால் நாங்கள் இருக்கிறோம். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகள் எங்கள் சுவர்க் காலண்டரில் வருஷ ஆரம்பத்திலேயே நிறைந்துவிடும். "ஏனுங்க, தை அமாவாசைக்கு எடமிருக்குதுங்களா?" என்று சித்திரையிலேயே போன் வரும். கல்யாண மண்டபத்துக்குக்கூட அவ்வளவு அடிதடி கிடையாது.

சோறு வந்துகொண்டே இருந்தது. அதை ஊட்டுவதற்கு ஆள் வேண்டுமே! அதைத்தான் என்னால் ஒருத்தருக்கும் புரியவைக்க முடியவில்லை.

எங்கள் பிள்ளைகளில் பலருக்குச் சோறு தொண்டையில் தானாக இறங்காது. வாயில் வைத்தால் அங்கேயே நிற்கும், இல்லாவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதற்கென்று படித்த பெண் ஒருத்தி எங்களிடம் இருந்தாள். பேசப் பழக்குவது, விழுங்கப் பழக்குவது இரண்டும் அவள் படிப்பு. ராசிபுரத்திலிருந்து தினமும் பஸ் மாறி வருவாள். முப்பது வயது இருக்கும். பிள்ளைகளுக்கும், தாய்மாருக்கும், ஆயாம்மாவுக்கும்கூட அவள் தெரபி அக்கா.

அவளிடம் வந்த பிள்ளைகளில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. தகப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டான். தாய் ஒரு தறிப்பட்டறையில் நூல் சுற்றுகிறாள். எங்களிடம் வந்தபோது அந்தப் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது, பாலும் தண்ணிக் கஞ்சியும்தான் சாப்பாடு, அதற்கும் வாய்க்கு ஒருமுறை புரை ஏறும். தெரபி அக்கா இரண்டு வருஷம் அதன் எதிரில் உட்கார்ந்தாள். முதுகுக்குத் தலையணை வைத்து, தலையைச் சற்று முன்னால் குனியவைத்து, மோவாய் நெஞ்சைப் பார்க்கிற மாதிரி ஒரு கையால் பிடித்துக்கொள்வாள். குழைத்த சோற்றைச் சின்னக் கரண்டியில் எடுத்து நாக்கின் ஓரத்தில் வைப்பாள். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பாள். இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். ஒரு கிண்ணம் தீர முக்கால் மணி நேரம் ஆகும்.

ஒருநாள் அந்தப் பிள்ளை ஒரு கிண்ணம் சோற்றை ஒரு இருமல்கூட இல்லாமல் சாப்பிட்டு முடித்தாள். சாயங்காலம் தாய் வந்ததும் சொன்னோம். "எஞ்சாமி, எஞ்சாமி" என்று சொல்லிக்கொண்டு தெரபி அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் அவள். நான் ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு அழத் தெரியும் என்று அங்கே யாருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் வேலை நடக்காது.

அப்படிப்பட்டவளுக்கு நான் மூன்று மாதமாகச் சம்பளம் கொடுக்கவில்லை. அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு நடந்தது. அவள் கேட்கமாட்டாள், அதுதான் இன்னும் கொடுமை. ஈரோட்டில் ஒரு கிளினிக்கில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஆயாம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் போய்விட்டால் அந்தப் பிள்ளைக்குச் சோறு இறங்காது. எனக்கு வேறு ஒன்றும் யோசிக்கத் தோன்றவில்லை. அவளை இருத்தி வைக்கவேண்டும், அவ்வளவுதான். கேட்கக் கிளம்பினேன்.

மோகனூர் ரோட்டில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற ஒரு பெரியவர், தன் தாய்க்காக வருஷா வருஷம் புரட்டாசி அமாவாசைக்கு எங்களிடம் சோறு போடுகிறவர். நல்ல மனுஷர். போனதும் மோர் கொடுத்தார். மோர் குடித்து முடிப்பதற்குள், "உங்க ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க அம்மிணி?" என்று கேட்டார். எல்லோரும் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் என்ன செய்தால் இவர்களுக்கு என்ன? ஆனால் அதற்குப் பதில் சொல்லாமல் இந்த ஊரில் ஒரு ரூபாய் நன்கொடை பெயராது. "லாரி ஆபீசுல இருக்காருங்க" என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டிய பிறகு விஷயத்துக்கு வந்தேன். "இந்த வருசம் சோத்துக்குப் பதிலா, அந்தத் தெரபி பொண்ணோட சம்பளத்த நீங்க ஏத்துக்கோணுங்க அய்யா."

"சம்பளமுங்களா?" என்றவர் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. எங்கம்மாளுக்குன்னு நான் குடுக்கறது அந்தச் சாமிக வவுத்துக்குள்ள போனாத்தான் எங்கம்மாளுக்குப் போயிச் சேரும். சம்பளமாக் குடுத்துப்போட்டா அது அந்தப் பொண்ணு வேலை செஞ்ச கூலி. அதுல எங்கம்மாளுக்கு என்னங்க சேரும்?"

"அந்தப் பொண்ணு ஊட்டுனாத்தானுங்க அது வவுத்துக்குள்ளயே போகும்."

"ஊட்டறதுக்கு என்னுங்க படிப்பு?" என்று சிரித்தார். "பெத்தவிய ஊட்டறதில்லீங்களா?"

நான் அரை மணி நேரம் பேசினேன். தொண்டை, மூச்சுக்குழாய், மோவாய் என்று எல்லாவற்றையும் கையால் காட்டினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு அட்டை முட்டை கட்டிக் கொடுத்து, "பத்தரமாப் போயிட்டு வாங்க" என்று அனுப்பினார். பஸ்ஸில் அந்த முட்டையை மடியில் வைத்துக்கொண்டு உடையாமல் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

அடுத்து எங்கள் நிர்வாகக் குழு. தலைவரின் நூல் கடையில்தான் கூடும். ஐந்து ஆம்பிளைகள், நான் ஒருத்தி. தெரபி அக்காவின் சம்பளத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். "அது நெம்பச் சம்பளமுங்க," என்றார் தலைவர். "பத்தாவது படிச்ச புள்ளைக ரெண்டப் போட்டா ஊட்டாதுங்களா?" பக்கத்தில் இருந்தவர், "காலண்டரு பூராவும் ஃபுல்லா இருக்குது, அப்பறம் பணமில்லைங்கறீங்க?" என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "காலண்டர்ல இருக்கறது சோறுங்க! சோத்த அள்ளிச் சம்பளக் கவர்ல போட்டுக் குடுக்க முடியுமுங்களா?" என்று கத்தினேன். கடையில் நூல் எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தலைவர் கோபப்படவில்லை. "கோவிச்சுக்கிட்டா நிர்வாகம் பண்ண முடியாதுங்க அம்மிணி. நீங்கதான செயலாளரு? எப்படியோ பாத்துச் செஞ்சு போடுங்க" என்றார். டீ வந்தது. எல்லோரும் குடித்தோம். எப்படியோ என்று அவர் சொன்னதை நான் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன்.

இதெல்லாம் ஆனிக் கடைசியில். ஆடி அமாவாசை வந்தது. ஒரே நாளை ஆயாம்மா போனில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார், நான் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். சமையல் நாங்களே செய்வது, அதற்கான பணத்தையும் இரண்டு குடும்பமும் கட்டிவிட்டது. யாராவது ஒருத்தரைக் கூப்பிட்டு அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்ல முடியுமா? அமாவாசை அடுத்த வாரம் வராது. ஒரு குடும்பத்தைப் பன்னிரண்டு மணிக்கும் இன்னொரு குடும்பத்தை ஒன்றரை மணிக்கும் வரச்சொன்னேன். சமையல் ஒன்றுதான். முதல் குடும்பம் கிளம்பியதும் இலையெல்லாம் எடுத்துத் தரையைத் துடைத்து, கரும்பலகையில் இருந்த பெயரை அழித்து அடுத்த பெயரை எழுதி, சாப்பிட்டு முடித்த பிள்ளைகளை மறுபடியும் வரிசையாக உட்காரவைத்தோம். புது இலையில் கொஞ்சம் சோறு, கொஞ்சம் பாயசம். இரண்டாவது குடும்பம் கைகூப்பி நின்று பார்த்தது, படம் எடுத்தது, கண்கலங்கிப் போனது. ஒரு பருக்கை உள்ளே போகவில்லை என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அன்றைக்குத் தெரபி அக்கா லீவு, அவள் ஊட்டுகிற பிள்ளைகளையும் தாய்மார் கூட்டிவரவில்லை. இரண்டாவது குடும்பத்தின் பணம் அப்படியே மிச்சமாகி இருந்தது. மறுநாள் அவளுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், சே, இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

அத்தோடு நின்றிருந்தால் அது வெறும் ஞாபகமறதி. புரட்டாசி அமாவாசைக்கு, கோழிப்பண்ணைப் பெரியவருக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த அதே நாளை, ஒரு நூல் வியாபாரி குடும்பத்துக்கும் நானே தெரிந்து கொடுத்தேன். பிள்ளைகளுக்கு என்ன நஷ்டம், ஒரு இலை முன்னால் உட்காரப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு நூல் வியாபாரி குடும்பத்தின் முதல் பந்தி நல்லபடியாக முடிந்தது. தெரபி அக்கா வழக்கம்போல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்கு ஊட்டி முடித்திருந்தாள். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க மேடம், ரெண்டு பந்தியா?"

"ஆமா. ஒக்கார வெச்சாப் போதும். ஊட்ட வேண்டாம். அவங்க பாத்துப்போட்டுப் போயிருவாங்க."

"கொழந்தைக சாப்ட்டு முடிச்சிருச்சுங்க. அவங்களுக்கு அது தெரியுமுங்களா?"

"தெரியாது."

அவள் என்னையே பார்த்தாள். நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். எனக்கு வாய்தானே இருக்கிறது! "உன்ற சம்பளத்துக்குத்தான் கண்ணு இந்தக் கூத்தே" என்று சொன்னேன். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. போய், அந்தப் பிள்ளையின் முதுகுக்குத் தலையணையை எடுத்து வைத்தாள். அவளுக்காகச் செய்கிறேன் என்று சொல்லி அவளையும் அதில் கூட்டுச் சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

பெரியவர் கூடுதுறையில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மனைவி, மகன், மருமகள் எல்லோரும் வந்திருந்தார்கள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், அந்தப் பெண் பிள்ளையின் முன்னால் நின்றுவிட்டார். அவள் யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள். அவரைப் பார்த்தும் சிரித்தாள்.

"எங்கம்மா கடேசி ரெண்டு மாசம் படுத்த படுக்கைங்க," என்றார். என்னிடம்தான் சொன்னார், ஆனால் அவளைப் பார்த்துக்கொண்டே. "நான் பண்ணை பண்ணைன்னு ஓடிட்டு இருந்தேன். என்ற கையால ஒரு வாய் ஊட்டுனதில்லீங்க அம்மிணி. இந்தச் சாமிக்கு ஒரே ஒரு வாய் நான் ஊட்டிக்கட்டுமுங்களா?"

அவர் கண் நிறைந்திருந்தது. தெரபி அக்கா குறுக்கே வந்தாள். "வேண்டாமுங்க அய்யா. இவளுக்கு வேற மாதிரி ஊட்டோணும். இப்பத்தான் சாப்ட்டு முடிச்சா."

பெரியவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "சாப்ட்டாச்சுங்களா?"

அந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மானம் போயிருக்கும், பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார், தலைவர் கூப்பிட்டு விசாரித்திருப்பார். அவ்வளவுதான் போயிருக்கும். "இல்லீங்க இல்லீங்க," என்றேன். "காலைல கஞ்சி குடிச்சதச் சொல்றா. ஊட்டுங்க அய்யா, ஒரு வாய் தானுங்க." தெரபி அக்காவை நகரச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். அவள் நகரவில்லை. "நகரு கண்ணு" என்று வாய்விட்டே சொன்னேன். நகர்ந்தாள்.

அவர் பாயசத்தை எடுத்தார். இனிப்பு அல்லவா, முதல் வாய் இனிப்பாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். கைக்குழந்தைக்குச் செய்வதுபோல ஆசையாக அவள் மோவாயைப் பிடித்து மேலே நிமிர்த்தி, திறந்த வாயில் ஊற்றினார். அவள் நம்பி வாயைத் திறந்திருந்தாள். வாயைத் திறந்தால் நல்லதுதான் வரும் என்று இரண்டு வருஷமாக அவளுக்குப் பழக்கியிருந்தோம்.

இருமல்கூட வரவில்லை. உதடு நீலமாகிவிட்டது. தெரபி அக்கா அவரைத் தள்ளிவிட்டு, பிள்ளையைத் தூக்கித் தன் மடியில் கவிழ்த்துப் போட்டு, முதுகில் தட்டித் தட்டி, வாய்க்குள் விரலை விட்டு, என்னென்னவோ செய்தாள். ஐயோ, அந்தக் கொஞ்ச நேரம்! கடைசியில் ஒரு சத்தத்தோடு மூச்சு திரும்பியது. பெரியவரின் காரிலேயே ஈரோட்டுக்குக் கொண்டுபோனோம். அவர் அந்த ஈர வேட்டியோடு, செருப்புகூடப் போடாமல், முன்சீட்டில் உட்கார்ந்து "முருகா முருகா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பாயசமும், வயிற்றிலிருந்து மேலே வந்த சோறும் நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டிவிட்டது. பிழைத்தாள். ஆனால் மூக்கில் குழாயோடுதான் வெளியே வந்தாள். ஆஸ்பத்திரிச் செலவு மொத்தத்தையும் பெரியவர்தான் கட்டினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தத் தாயின் முன்னால் நின்று, தன்னைவிட எவ்வளவோ சின்னவள் அவள், "நாந்தானுங்க பாவி, என்னய மன்னிச்சுருங்க" என்று கும்பிட்டு அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அது இரண்டாம் பந்தி, பிள்ளைக்கு வயிறு நிறைந்திருந்தது, வேண்டாம் என்று சொன்னவளை நகரச் சொன்னது நான். சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லவில்லை. இன்றுவரை அவரிடமும் சொல்லவில்லை, அந்தத் தாயிடமும் சொல்லவில்லை. தெரபி அக்காவுக்கு மட்டும் தெரியும், அவளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. மனசு ஆறாமல் பெரியவர் எங்களுக்கு ஒரு சாப்பாட்டு ஹால் கட்டித் தருகிறேன் என்றார். தாய் பெயரில். அதோடு வருஷத்தில் வருகிற எல்லா அமாவாசைச் சாப்பாடும் இனிமேல் அவர் பொறுப்பு. நிர்வாகக் குழுவுக்குத் தலைகால் புரியவில்லை. "இப்பிடியொரு பார்ட்டியப் புடிச்சுட்டீங்களே அம்மிணி!" என்றார் தலைவர். செயலாளராக நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.

வெட்கத்தை விட்டு நான் பெரியவரிடம் இன்னொரு தடவை போனேன். "ஹால் வேண்டாமுங்க அய்யா. அந்தத் தெரபி பொண்ணுக்கு ரெண்டு வருசச் சம்பளம் குடுங்க, அந்தப் புள்ளைக்குக் கொழாயக் கழட்டிரலாம்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் பொண்ணு வேண்டாம் வேண்டாம்னு சொல்லுச்சுங்க. நாந்தான் கேக்கல. அது மொகத்துல முழிக்கறதுக்கே எனக்குக் கூச்சமா இருக்குதுங்க. ஹாலே கட்டிக்கங்க அம்மிணி." அதற்குமேல் நான் என்ன பேச? பேசுகிறவளாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

தெரபி அக்காவுக்கு மீதிச் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இது எந்தப் பந்திப் பணமுங்க மேடம்?" என்று கேட்டாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ரெண்டாம் பந்தி" என்றேன். அவளிடமாவது பொய் சொல்லவேண்டாம் என்று பட்டது.

"வேண்டாம்னு சொல்ற நெலமைல நான் இல்லீங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அந்த மாதக் கடைசியில் ஈரோட்டுக் கிளினிக்குக்குப் போய்விட்டாள். இரு கண்ணு என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது? போவதற்கு முன்னால் எந்தப் பிள்ளைக்கு எப்படி ஊட்டவேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். தலைவர் சொன்னபடி பத்தாவது படித்த பிள்ளைகள் இரண்டைப் போட்டிருந்தோம், அவர்களுக்கும் பழக்கிவிட்டுப் போனாள். கார்மென்ட்ஸ் கம்பெனியில் நாலு காசு அதிகம் கிடைக்கும் என்று இரண்டும் இரண்டே மாதத்தில் கிளம்பிவிட்டன. அவள் இடத்துக்கு ஆள் கேட்டுப் பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன். ஒருத்தி போன் செய்தாள். சம்பளத்தைக் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றேனுங்க மேடம்" என்றாள். யோசித்துக்கொண்டே இருக்கிறாள் போல.

ராஜினாமா எழுதிக்கொண்டு போய்த் தலைவரிடம் கொடுத்தேன். "ஹால் வேலை முடியட்டுமுங்க" என்று கல்லாப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். ஹால் முடிந்தது. கடிதம் கல்லாப்பெட்டியிலேயே இருக்கிறது, நானும் இங்கேயே இருக்கிறேன்.

போன அமாவாசைக்கு மத்தியானம் அந்தத் தாய் வந்தாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு, பஸ்ஸை விட்டிறங்கி, ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருந்தாள். பிள்ளை இளைத்துப்போயிருந்தாள். மூக்கில் குழாய், அது நகராமல் கன்னத்தில் ஒரு பிளாஸ்திரி.

"டாக்டரு சொல்றாருங்க மேடம், பழக்கறவிய யாராச்சும் தெனமும் ஒக்காந்து பழக்குனா இந்தக் கொழாயக் கழட்டிப்போடலாமாம். அந்தக் கண்ணுகிட்டத்தான் உடலாம்னு தூக்கியாந்தேன். எங்கீங்க அது?"

குழாய் வைத்த பிறகு பிள்ளை மையத்துக்கு வந்ததே இல்லை, தெரபி அக்கா போய்விட்டதையே இந்தத் தாய்க்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஈரோட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். அங்கே ஒரு தடவை பார்ப்பதற்கு வாங்குகிற பணம் இவளுக்கு இரண்டு நாள் கூலி. அதையும் சொன்னேன்.

"அப்பறம் இங்க யாருங்க ஊட்டறது?"

ஹாலில் இலை போட்டிருந்தார்கள். கிரானைட் தரை, மூன்று மின்விசிறி, சுவரில் பெரியவருடைய தாயின் படம், அதற்கு மாலை. சாம்பார், பொரியல், வடை, பாயசம் எல்லாம் இருந்தது. ஒரு செயலாளராக, ஒரு மனுஷியாக, அவளுக்குக் கொடுக்க என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. "ஒக்காந்து சாப்ட்டுட்டுப் போங்க" என்றேன். "எனக்கெதுக்குங்க?" என்றாள். ஆனால் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கமாட்டாள் போல. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

அவள் முதல் வாய்ச் சோற்றை எடுத்தபோது பிள்ளை அந்தக் கையையே பார்த்தாள். கை மேலே வரவும் வாயைத் திறந்தாள். சோறு தாயின் வாய்க்குப் போயிற்று. அடுத்த வாய்க்கும் திறந்தாள், அதற்கு அடுத்த வாய்க்கும் திறந்தாள். தாய் அதைப் பார்த்துவிட்டு, இடது கையால் பிள்ளையின் முகத்தைத் தன் தோள்பக்கம் திருப்பி அழுத்திப் பிடித்துக்கொண்டு, இலையில் இருந்ததை அவசர அவசரமாகச் சாப்பிட்டு முடித்தாள்.